மருந்து சாப்பிட்டால் ஏழு நாள்: வீடற்றோர் திட்டம் பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இவ்ளோ கோடி செலவு பண்றாங்க, பிளாட்பாரத்துல படுக்கிற ஆளு குறைஞ்ச மாதிரியா இருக்கு?" என்பார் ஒருவர். "ஏன் சார், போன மாசம்தான் புதுக் காப்பகம் திறந்தாங்க, பேப்பர்ல போட்டிருந்தானே" என்பார் பக்கத்தில் நிற்பவர். டீ ஆறுவதற்குள் பேச்சு கட்சி அரசியலுக்குப் போய்விடும்.

இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் தெருவில் மிச்சம் இருப்பவர்களைப் பார்க்கிறார். தெருவை விட்டுப் போனவர்கள் அவர் கண்ணில் பட வழியில்லை. இரண்டாமவர் கட்டடத்தைப் பார்க்கிறார், உள்ளே போனவருக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. அரசு திட்டம் உண்மையில் வேலை செய்ததா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. கணக்குப் பாடத்தில் தோற்றவருக்கும் புரியும். எனக்கே புரிந்தது.

இலை போட்ட கணக்கு

கல்யாண மண்டபத்தில் சமையல்காரரிடம் "பந்தி எப்படி?" என்று கேட்டால் "எண்ணூறு இலை விழுந்துச்சு" என்பார். அவருக்கு அது போதும், கூலிக்கு அதுதான் கணக்கு. பெண்ணின் அப்பாவுக்கு வேறு கவலை. வந்தவர்கள் வயிறார சாப்பிட்டார்களா, ரசம் வருவதற்குள் எழுந்து போனார்களா?

எத்தனை இலை என்பது *வெளியீடு*: திட்டம் செய்து முடித்த வேலை. எத்தனை பேர் வயிறு நிறைந்தது என்பது *விளைவு*: அந்த வேலையால் மக்கள் வாழ்க்கையில் நடந்த மாற்றம்.

அரசு அறிக்கைகளில் பெரும்பாலும் வெளியீடுதான் இருக்கும், ஏனென்றால் அதை எண்ணுவது சுலபம். இந்தியாவில் 2010-ல் உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-ல் வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளும் அதே வழியில் போயின: லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் காப்பகம், ஒருவருக்கு 50 சதுர அடி. இப்படி ஒரு அளவுகோல் அவசியம், அது இல்லாமல் எந்த மாநகராட்சியையும் கேள்வி கேட்க முடியாது. ஆனாலும் இது இலைக் கணக்குதான்.

ஒரு காப்பகத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நீளமான நோட்டு, ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். பெயர், வயது, ஊர், வந்த தேதி, கைநாட்டு. கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை: "சென்றுவிட்டார்". வாடகை வீட்டுக்கா, ஊருக்கா, ஆஸ்பத்திரிக்கா, மறுபடி எதிர் பிளாட்பாரத்துக்கா? அதற்குக் கட்டமே இல்லை. நோட்டை எழுதியவர் மேல் தப்பில்லை. அச்சடித்துக் கொடுத்தவர் அதைக் கேட்கவில்லை.

யாரை எண்ணுகிறோம்?

விளைவை அளக்கலாம் என்று இறங்கினால் முதல் படியிலேயே கால் இடறும். வீடற்றவர் என்றால் யார்?

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாலையோரம், நடைபாதை, பாலத்தடி, மாடிப்படிக்குக் கீழ், பெரிய குழாய்க்குள், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று திறந்தவெளியில் இருப்பவர்கள் வீடற்றவர்கள். பின்லாந்தில் போக்கிடம் இல்லாமல் நண்பர் வீட்டு சோபாவில் நாள் கழிப்பவரும் வீடற்றவர். நம் ஊரில் அவரை "மச்சான் வீட்டுல இருக்கான்" என்று சொல்லி முடித்துவிடுவோம். அதனால் இரண்டு நாட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, மாம்பழத்தை டஜனிலும் கிலோவிலும் நிறுத்தி எது மலிவு என்று கேட்பது போலத்தான்.

ஒரே நாட்டுக்குள்ளும் மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். இந்தியாவில் 2001-ல் வீடற்றவர்கள் 19.4 லட்சம், 2011-ல் 17.7 லட்சம். குறைந்துவிட்டது என்று தலைப்புப் போடலாம். நகரங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அதே பத்தாண்டில் 7.8 லட்சம் 9.4 லட்சமாக ஏறியிருக்கிறது.

அடுத்தது, எப்போது எண்ணுகிறோம் என்பது. நாற்பது அறை உள்ள ஒரு லாட்ஜை யோசித்துப் பாருங்கள். இன்றிரவு போய் எண்ணினால் நாற்பது பேர். வருடம் முழுக்க எழுதிய லெட்ஜரை எண்ணினால் சில ஆயிரம் பேர். இன்றிரவு இருக்கும் நாற்பதில் இரண்டு மூன்று பேர் மாசக்கணக்கில் அங்கேயே குடியிருப்பவர்களாக இருப்பார்கள், லெட்ஜரில் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான். முதல் எண் *ஓரிரவுக் கணக்கு*, இரண்டாவது *ஆண்டுக் கணக்கு*. நியூயார்க், பிலடெல்பியா காப்பகப் பதிவுகளை 1998-ல் அலசிய ராண்டல் கூன், டென்னிஸ் கல்ஹேன் இருவரும் பார்த்தது இதைத்தான். தனியாக வந்து தங்கியவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பெரும்பாலும் திரும்பி வராதவர்கள். 10 சதவீதம் பேர் வருடக்கணக்கில் கிடந்தவர்கள், காப்பகத்தின் மொத்தப் படுக்கை நாட்களில் பாதியை எடுத்துக்கொண்டவர்களும் அவர்களே.

இந்தக் குழப்பத்தால் ஒரு பெரிய செய்தியே உருவானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நீண்டகாலமாக வீடின்றி இருப்பவர்கள் 2005-ல் 1,932 பேர், 2015-ல் 178 பேர், 91 சதவீத வீழ்ச்சி என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு பொருளாதார ஆய்வாளர் கெவின் கோரிந்த் உள்ளே போய்ப் பார்த்தார். முந்தைய எண்ணிக்கை ஓரிரவுக் கணக்கை ஆண்டுக்குப் பெருக்கி வந்தது. பிந்தையது பெருக்காத ஓரிரவுக் கணக்கு. யார் "நீண்டகாலம்" என்ற வரையறையும் நடுவில் சுருங்கியிருந்தது. யூட்டா நல்ல வேலை எதுவும் செய்யவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த 91-ல் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு பேனாவால் என்பது வேறு கதை.

இதுவரை பார்த்தது: இலையை விட வயிறு முக்கியம். வயிறை எண்ணுமுன் யாருடைய வயிறு, எந்த நாள் என்று கேட்க வேண்டும்.

சளியும் மருந்தும்

இனிதான் விஷயம். "சளிக்கு மருந்து சாப்பிட்டா ஏழு நாள்ல போயிடும், சாப்பிடலைன்னா ஒரு வாரம் ஆகும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருந்து விழுங்கிய எட்டாம் நாள் மூக்கு சரியாகிவிட்டது என்றால் பெருமை மருந்துக்கா, நாட்களுக்கா?

வீடற்றோர் திட்டங்களில் இதே கேள்வி இன்னும் கடுமையாக வரும். மக்கள் எப்போது காப்பகத்துக்கு வருகிறார்கள்? வேலை போனது, வீட்டுக்காரர் சாமானை வெளியே வைத்தார், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று நிலைமை தரைதட்டிய நாளில். தரைதட்டியவர்களில் பலர் சில மாதங்களில் எப்படியோ எழுந்துவிடுவார்கள். தங்கை வீட்டில் இடம் கிடைக்கும், வேறொரு கொத்தனார் கூப்பிடுவார். மேலே சொன்ன 80 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஒரு வருடத்தில் முன்னேறிவிட்டார்கள் என்று காட்டுவது அதனால் ரொம்பச் சுலபம். எதுவுமே செய்யாத திட்டமும் அதைக் காட்டிவிடும்.

ஆகவே கேட்க வேண்டியது: இந்தத் திட்டம் இல்லாமலே இருந்திருந்தால், இதே ஆட்கள் இன்று எங்கே இருந்திருப்பார்கள்? நடக்காமல் போன அந்த வேறு கதைக்குப் பெயர் *மாற்றுநிலை*. நடந்ததிலிருந்து மாற்றுநிலையைக் கழித்தால் வருவதுதான் திட்டத்தின் பலன். சிக்கல் என்னவென்றால், ஒரே ஆளுக்கு வீடு கொடுத்தும் கொடுக்காமலும் பார்க்க முடியாது. அதனால் அவரைப் போலவே இருக்கும் வேறொருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

டியூஷன் சென்டர் தந்திரம்

"போலவே இருக்கும்" என்ற வார்த்தையில்தான் ஆபத்து. பிளஸ் டூ டியூஷன் சென்டர் வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டியிருப்பார்கள். உள்ளே விசாரித்தால் பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் வாங்கியவர்களுக்குத்தான் அட்மிஷன். அந்தப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தாலும் பாஸாகியிருப்பார்கள்.

வீட்டுத் திட்டத்திலும் இது நடக்கும். குடிப்பழக்கம் இருந்தால் சேர்க்க மாட்டோம், மனநோய்க்கு மருந்து எடுத்தால்தான் அறை, ஆதார் இல்லாமல் விண்ணப்பம் இல்லை என்று வாசலிலேயே வடிகட்டினால், உள்ளே போகிறவர்கள் ஏற்கெனவே கரையேறும் தெம்புள்ளவர்கள். அவர்களை வெளியே நிற்பவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் ஜொலிக்கும். இதை *தேர்வுச் சாய்வு* என்பார்கள்: யார் உள்ளே வந்தார்கள் என்பதே முடிவைச் சாய்த்துவிடுகிறது.

குலுக்கல்

சாய்வைப் போக்கச் சிறந்த வழி நமக்குப் பழகியதுதான், சீட்டுக் குலுக்கிப் போடுவது. வீடு இருநூறு, தகுதியானவர்கள் நானூறு என்றால் குலுக்கலில் பெயர் வந்தவருக்கு வீடு. வந்தவருக்கும் வராதவருக்கும் அதிர்ஷ்டம் தவிர வித்தியாசம் இல்லை. குடிப்பவர், குடிக்காதவர், இளைஞர், முதியவர் எல்லாரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பெயர் வராதவர்கள்தான் *ஒப்பீட்டுக் குழு*. மாற்றுநிலை எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் கண்ணாடி அவர்கள்.

"பாதிப் பேரை வேண்டுமென்றே தெருவில் விடுவதா?" என்று கோபப்படுவது நியாயம். ஆனால் எல்லாருக்கும் கொடுக்க வீடு இல்லாதபோது யாரோ ஒரு பாதி வெளியேதான் நிற்கப் போகிறது. அது சிபாரிசால் நடப்பதைவிடக் குலுக்கலால் நடப்பது மேல் என்பது என் கட்சி. வெளியே நிற்பவர்களுக்கு ஏற்கெனவே உள்ள உதவிகளை நிறுத்துவதும் கிடையாது.

கனடா இதைப் பெரிய அளவில் செய்தது. 2009 முதல் 2013 வரை, வான்கூவர், வின்னிபெக், டொராண்டோ, மாண்ட்ரியல், மாங்டன் என ஐந்து நகரங்கள், மனநோயும் வீடின்மையும் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சோதித்தது *முதலில் வீடு* என்ற முறையை. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்தது அது. அதுவரை பெரும்பாலும் இருந்தது படிக்கட்டு முறை: முதலில் குடியை நிறுத்து, பிறகு மருந்து, பிறகு பொது விடுதி, எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் வீடு. செம்பெரிஸ் அதைத் தலைகீழாக்கினார். சாவியை முதல் நாளே கொடு, மற்றதற்கு ஆட்கள் வீடு தேடி வருவார்கள். கனடாவில் பங்கேற்றவர்கள் தங்கள் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை தர வேண்டியதில்லை, மீதியைத் திட்டம் கட்டியது.

ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் 'முதலில் வீடு' கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேர் முழுக்க வீட்டில் இருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 31 சதவீதம்.

அந்த 31-ஐக் கொஞ்ச நேரம் பாருங்கள். குலுக்கல் இல்லாதிருந்தால் அமைச்சர் மேடையில் 62 என்று சொல்லியிருப்பார், எதிர்க்கட்சி 38 சதவீதம் தோல்வி என்று சொல்லியிருக்கும், இருவர் கையிலும் நிஜமான எண் இருந்திருக்கும். திட்டத்தின் சொந்தச் சம்பாத்தியம் 62-லிருந்து 31-ஐக் கழித்து வரும் 31 புள்ளிகள்தான். மீதி 31 புள்ளிகள் காலம் செய்த வைத்தியம், ஏற்கெனவே இருந்த உதவிகள் செய்த வைத்தியம். அப்படிக் கழித்த பிறகும் இரண்டு மடங்கு என்பது சாதாரணமில்லை.

அதே ஆய்வில் இன்னொன்று உண்டு, சளி மருந்துக் கதைக்கு அசல் சாட்சி. வீடு கிடைத்தவர்களின் மனநோய் அறிகுறிகளும் போதைப் பழக்கமும் இரண்டு ஆண்டில் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தன! குழு இல்லையென்றால் 'வீடு மனநோயைக் குணமாக்கும்' என்று ஒரு செய்தி கிளம்பியிருக்கும். வீடு கொடுத்தது வீட்டைத்தான், கூடவே வாழ்க்கைத் தரத்தில் கொஞ்சம் மேம்பாடு. குடிக்கிறவனுக்கு வீடு கொடுத்தால் இன்னும் குடிப்பான் என்று பயந்தவர்களுக்கும் இதே எண்ணில் பதில் இருக்கிறது.

சுருக்கமாக: நடந்ததிலிருந்து மாற்றுநிலையைக் கழி. மாற்றுநிலையை நம்பகமாகக் காட்டுவது குலுக்கலில் பிரிந்த ஒப்பீட்டுக் குழு.

சாவி கைக்கு வந்தும் போகாதவர்கள்

குலுக்கல் சில நேரம் கசப்பான பதிலையும் தரும். 1987-ல் அகமதாபாத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தின் வழியே 497 பெண்களுக்கிடையே குலுக்கல் நடந்தது, 110 பேருக்கு மானிய விலையில் வீடு விழுந்தது. இவர்கள் தெருவில் இருந்தவர்கள் அல்ல, குடிசைப் பகுதிகளில் வசித்தவர்கள். ஆனால் பாடம் நம் கேள்விக்கு அப்படியே பொருந்தும். வீடு நல்ல வீடு, நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி. ஒதுக்கி 14 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் தேடிப் போனபோது, வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடியே போயிருக்கவில்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுக் கிளம்பிவிட்டார்கள். வருமானம், வேலை, பிள்ளைகளின் நிலை எதிலும் தோற்றவர்களைவிட முன்னேற்றம் இல்லை. சொந்த பந்தத்தை விட்டு விலகிப்போனது மட்டும் கூடியிருந்தது, அவசரத்துக்குக் கைமாற்று கேட்க ஆளில்லை.

இங்கே கவனிக்க ஒரு நுணுக்கம். இந்தக் கணக்கில் குடியே போகாத 34 சதவீதத்தையும் 'வீடு கிடைத்தவர்' பக்கமே வைத்து எண்ணியிருக்கிறார்கள். வேண்டுமென்றேதான். தங்கியவர்களை மட்டும் எண்ணினால் டியூஷன் சென்டர் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு இரவு பூக்கட்டும் அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஷட்டர் இறங்கிய கடை வாசலில் தார்ப்பாய் விரித்து, மடியில் முல்லை, பல்லில் வாழைநார். பேசும்போதும் விரல் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே கட்டிய குடியிருப்பில் அவருக்கு வீடு ஒதுக்கியிருந்தார்கள். பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தானே அக்கா என்று விவரம் தெரியாமல் கேட்டுவைத்தேன்.

"டிக்கெட்டு இல்ல தம்பி, கரெக்டுதான். விடியக்காலம் நாலு மணிக்கு பத்ரியன் தெருவுல பூ வந்து எறங்கிடும். அந்நேரத்துக்கு அங்கேர்ந்து எந்த பஸ்ஸு எனக்கோசரம் வரும், சொல்லு?"

வெளியீட்டுக் கணக்கில் அந்த அக்கா வீடு பெற்ற பயனாளி. அதே இரவு கணக்கெடுப்பாளர் வந்திருந்தால் வீடற்றவர். இரண்டு பதிவேட்டிலும் பொய் இல்லை.

செலவுக் கணக்கு

தெருவில் இருப்பவருக்கும் அரசு செலவழிக்கிறது: அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ், காவல் நிலையம், சிறை. வீடு கொடுத்தால் இவை குறையும் அல்லவா என்பது வாதம். கனடா ஆய்வில், இந்தச் சேவைகளை மிக அதிகம் பயன்படுத்திய 10 சதவீதத்தினரிடம் 10 டாலர் செலவுக்கு 21.72 டாலர் மிச்சமானது. தேவை நடுத்தரமாக இருந்தவர்களிடம் மிச்சமானது 3.42 மட்டும். "வீடு கொடுப்பது அரசுக்கு லாபம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்த வாதமே கொஞ்சம் உறுத்தும். பள்ளிக்கூடம் லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் பின்லாந்து?

இந்தப் பேச்சில் யாராவது பின்லாந்தை இழுக்காமல் இருக்க மாட்டார்கள். அங்கே 2008-ல் சுமார் 8,000 பேர் வீடற்றிருந்தார்கள், 2023-ல் 3,429. ஹெல்சிங்கியில் 250 படுக்கை கொண்ட ஒரு பழைய விடுதியை உள்ளே பிரித்துப் புதுப்பித்துச் சுமார் 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். இலைக் கணக்கில் அது படுதோல்வி, 250 எண்பதாகிவிட்டது. பூட்டும் சாவியும் சமையலறையும் உள்ள எண்பது பேரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

ஆனால் பின்லாந்து குலுக்கிப் பார்க்கவில்லை. அங்கே நமக்குக் கிடைப்பது முன்பு-பின்பு கணக்குதான். 'முதலில் வீடு' மட்டுமா காரணம், கூடவே கட்டிய மலிவு வாடகை வீடுகளா, வாடகை உதவித் தொகையா என்று பிரிக்க ஒப்பீட்டுக் குழு இல்லை. ஏறக்குறைய ஒரே முறையில், ஒரே வரையறையில், ஒவ்வொரு நவம்பரிலும் எண்ணி வந்தது அவர்களின் பெரிய பலம், யூட்டாவில் நடந்த குளறுபடிக்கு அங்கே இடம் குறைவு. 2024-ல் அந்த எண்ணிக்கை 3,806 ஆக ஏறியது. வாடகை உதவியை அரசு வெட்டிய காலம் அது, பலரும் அதன் மேல் பழி போட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இறங்கியபோது கேட்ட அதே கேள்வியை ஏறும்போதும் கேட்டாக வேண்டும்.

நம்மிடம் அப்படி ஆண்டுதோறும் எண்ணிய வரிசை கிடையாது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், டீக்கடைச் சண்டை முதல் நீதிமன்ற மனு வரை கையில் எடுத்தது 2011 பிப்ரவரி 28 அன்று இரவு டார்ச் அடித்து எண்ணிய எண்ணைத்தான். அன்றிரவு பிளாட்பாரத்தில் தொட்டிலில் கிடந்த குழந்தை இப்போது பத்தாம் வகுப்பு வயதைத் தொட்டிருக்கும்.